பக்கத்து வீட்டில் ஒரு மாவு மில்

உடுமலைப்பேட்டையில் தளி சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒட்டியிருந்த பழைய ஓட்டு வீடு சென்ற ஆண்டு கைமாறியது. வாங்கியவர் இளைஞர், திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து வேலையை விட்டுவிட்டு வந்தவர். சில வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் மனைவியோடு வந்து, தாம்பூலத் தட்டை நீட்டி, வங்கிக் கடன் கிடைத்துவிட்டதாகவும் வீட்டை இடித்துவிட்டுக் கீழ்த்தளத்தில் மாவு, மசாலா அரைக்கும் மில்லும் மேலே வீடும் கட்டப்போவதாகவும் சொன்னார். “சத்தமெல்லாம் பெருசா வராதுங்கய்யா. உங்க பையன் மாதிரி நெனச்சுக்குங்க” என்றார். தட்டை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது?

அன்றிரவு என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: “மொளகா அரைப்பாங்களா?” அவருக்கு இருபது ஆண்டுகளாக மூச்சிரைப்பு. எங்கள் ஊரின் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை இந்தப் பக்கத்தில் ஓயாது. அதை நம்பித்தான் உடுமலையைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கு வீட்டில் அரைபடும் மிளகாயின் நெடி ஆண்டில் நான்கு மாதம் நேராக எங்கள் படுக்கையறைக்குத்தான் வரும். எந்த அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்திலும் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று கேட்கும் கட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

என் பக்கத்துக் குறைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மாவு அரைக்கப் போவது இரண்டு தெரு தள்ளியிருக்கும் மில்லுக்கு. அதுவும் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதன் திண்ணையில் எத்தனையோ முறை கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இன்னொன்று: ஓய்வுபெற்ற புதிதில் எங்கள் முன்னறையை மூன்று ஆண்டுகள் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அதற்கு எந்த அனுமதியும் வாங்கவில்லை. தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இப்போது எதிர்வீட்டில் டியூஷன், மூலைவீட்டில் இட்லி மாவு வியாபாரம், அதற்கடுத்து ஒரு கூரியர் கிளை. குடியிருப்புத் தெரு என்பது இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது. மில்லுக்கு எதிராகப் பேச எனக்கு என்ன தகுதி என்ற கேள்வி எழுந்ததால்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்கத் தொடங்கினேன்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. அதன்கீழ் தயாராகும் முழுமைத் திட்டம், ஊரின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை எனப் பயன்பாட்டு மண்டலங்களாகப் பிரிக்கிறது. குடியிருப்பிலேயே முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரு வகை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எந்த மண்டலத்தில் எந்தத் தொழிலை, எவ்வளவு தரைப்பரப்பில், எத்தனை குதிரைத்திறன் மோட்டாருடன் நடத்தலாம் என்று வரம்பு கட்டுகின்றன. ஆக, ‘குடியிருப்புப் பகுதியில் தொழிலே கூடாது’ என்று நம்மில் பலர் நினைப்பது தவறு. சிறு கடையும் கைத்தொழிலும் அங்கே இருக்கலாம். அளவைத் தாண்டக் கூடாது. திட்ட அனுமதி ஒன்று, நகராட்சியின் தொழில் உரிமம் வேறொன்று. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த இரட்டை வாசல் மாறவில்லை. இவற்றோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு தொழில் எவ்வளவு மாசு தரக்கூடியது என்பதை அந்த நிறம் சொல்லும். அது யாருடைய சுவரை ஒட்டி நிற்கப்போகிறது என்பதைச் சொல்லாது.

இத்தனை வாசல்களில் எதிலும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக் கேட்கும் வழக்கம் இல்லை. ஒரு நிலத்தின் மண்டலத்தையே மாற்ற வேண்டுமென்றால் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபணை கேட்பார்கள். மண்டலம் மாறாமல் ஒரு கட்டடம் எழும்போதோ, வீடு கடையாகும்போதோ அந்த நடைமுறை கிடையாது. இங்கிலாந்தில் திட்ட அனுமதி விண்ணப்பம் போனால், இடத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள் அல்லது அடுத்த வீட்டுக்குக் கடிதம் அனுப்புவார்கள். கருத்துச் சொல்ல 21 நாள் தருவார்கள். நம் ஊரில் செங்கல் லாரி வந்து நின்ற பிறகுதான் தெரியும். என் பக்கத்து வீட்டு இளைஞர் தாமாக வந்து சொன்னது அவருடைய பண்பு. சட்டம் அதை அவரிடம் கேட்கவில்லை.

இனி இரண்டு வழக்குகள். முதலாவது உடுப்பியில் நடந்தது. குடியிருப்புப் பகுதியில் கல்யாண மண்டபத்துடன் கூடிய விரிவுரைக்கூடம் என்று அனுமதி பெற்ற ஓர் இடத்தில், பிறகு திரையரங்கம் கட்ட நகராட்சி ஒப்புதல் கொடுத்தது. அப்பகுதியில் குடியிருந்த ஒருவர் நீதிமன்றம் போனார். நகராட்சியின் தீர்மானம் தவறு என்று கண்டும் உயர் நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் தர மறுத்துவிட்டது. 1974இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரமைப்புத் திட்டம் குடியிருப்பு என்று வரையறுத்த பகுதியில் சட்டத்துக்கு மாறாகத் திரையரங்கம் எழுந்தால், அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் சொத்தை அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படுகிறது. ஆகவே குடியிருப்பவர் வழக்குத் தொடரலாம் என்றது. விதியைக் காப்பது நகராட்சி பொதுமக்களுக்குப் பட்டிருக்கும் கடமை, அதை மீறும் அதிகாரம் அதற்கு இல்லை என்றும் சொன்னது. ‘உனக்கும் அந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று அலுவலக மேசைக்கு அப்பாலிருந்து வரும் கேள்விக்கு, ஐம்பதாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்ட பதில் இது.

இரண்டாவது வழக்கு லண்டனில், 1879இல் முடிந்தது. மிட்டாய் செய்பவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மருத்துவர், தம் தோட்டத்தின் கோடியில், உரல் நிற்கும் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். இடிக்கும் சத்தத்தில் நோயாளியின் நெஞ்சொலி கேட்கவில்லை என்பது அவருடைய முறையீடு. முன்னால் வந்தவர் மிட்டாய்க்காரர். பின்னால் அறை கட்டியவர் மருத்துவர். நீதிமன்றம் மருத்துவர் பக்கம் நின்றது. தொல்லை என்பது அந்தப் பகுதி எத்தகையது என்பதைப் பொறுத்தது, முன்வந்தவர் யார் என்பது மட்டும் போதாது என்பது அதன் சாரம். மருத்துவருக்குக் கிடைத்த தீர்ப்பில் எனக்குக் கொஞ்சம் நியாயக்குறைவு தெரிகிறது. மிட்டாய்க்காரர் என்ன பாவம் செய்தார்? ஆனால் ‘பகுதியின் தன்மை’ என்ற அந்த அளவுகோல் இன்றும் நம் நீதிமன்றங்களில் வாழ்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

எப்படி என்றால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைப் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45. வணிகப் பகுதியில் 65, 55. பத்து டெசிபல் கூடுவது என்றால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். கலப்பான பகுதியை இந்த வகைகளில் ஒன்றாக அரசு அறிவிக்கலாம் என்றும் விதி சொல்கிறது. ஆகவே, தையல் கடை, கூரியர், மாவு வியாபாரம் என்று தெரு ஒவ்வொரு படியாக வணிகமாகிக்கொண்டே போனால், ஒருநாள் என் காதுக்கான வரம்பே உயர்ந்துவிடக்கூடும். அந்தப் படிக்கட்டில் ஒரு கல்லை நானே வைத்தேன் என்பதை மறுக்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு நிகழ்வு உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. 2017 ஏப்ரல் முதல் நாள் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மூடப்பட்டவற்றுக்கு மாற்றிடம் தேடிக் கடைகள் ஊருக்குள்ளும் குடியிருப்புகளுக்கு அருகேயும் வரத் தொடங்கின. மாநிலமெங்கும் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண் ஒருவரைக் காவல் அதிகாரி அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தப் போராட்டங்களின் வேரில் ஒரு விதி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்கின்றன. கோயிலிலிருந்து அளக்கிறார்கள், பள்ளியிலிருந்து அளக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து டேப் பிடிக்கச் சொல்லும் வரி அதில் இல்லை. மாவு மில்லையும் மதுக்கடையையும் நான் ஒன்றாக்கவில்லை. தீர்மானிக்கிறவர்கள் வீட்டில் இருப்பவரிடம் கேட்காமல் தீர்மானிக்கும் பழக்கம் மட்டும் இரண்டிலும் ஒன்று.

தொழில் தொடங்கிய பிறகு தொல்லை வந்தால் வழி இருக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பொதுத்தொல்லை என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆனால் அதற்குள் அந்த இளைஞர் கடனில் கட்டடம் எழுப்பி, எந்திரம் இறக்கியிருப்பார். டெல்லியில் பல்லாண்டு கண்டுகொள்ளாமல் விட்ட கடைகளை 2006இல் நீதிமன்ற ஆணைப்படி முத்திரையிடத் தொடங்கியபோது ஏற்பட்ட கொந்தளிப்பு நினைவிருக்கும். மறு ஆண்டே புதிய முழுமைத் திட்டம் கலப்புப் பயன்பாட்டுக்குப் பெருமளவில் இடம் கொடுத்தது. முதலில் உட்கார்ந்திருந்தால் அத்தனை பேர் பணமும் நிம்மதியும் மிஞ்சியிருக்கும். அதே சமயம், இன்னும் நடக்காத தொல்லைக்கு நீதிமன்றம் எளிதில் தடை தராது. பேசுவதற்கு ஏற்ற காலம் என்று ஒன்று இருந்தால், அது அஸ்திவாரத்துக்கு முந்திய இந்தச் சில வாரங்கள்தான்.

எனவே இரண்டு வேலை செய்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு, எங்கள் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, அந்த மனைக்கு எதற்கு அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு மனு அனுப்பினேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அனுப்பும் முன் அந்த இளைஞரிடமே காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். அவர் முகம் சுருங்கியது. தெருவில் ஒரு பெரியவர், “மனுக் குடுத்துட்டா அப்பறம் மொகத்துல முழிக்க முடியுமாங்க? பேசித் தீர்த்துக்கலாமே” என்றார். பேசித் தீர்ப்பதை நானும் விரும்புகிறவன்தான். பேச்சுக்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும் என்பதையும் முப்பதாண்டு அலுவலக வேலை எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

இரண்டாவது, மில் எந்திரங்களை நன்கறிந்த பழைய மாணாக்கர் போன்ற ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். நண்பர் சொன்னவை எளிமையானவை. மோட்டாரும் அரைவை எந்திரமும் சுவரைத் தொடாத தனி மேடையில், கீழே ரப்பர் அடுக்கோடு நிற்க வேண்டும். அதிர்வு சுவர் வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறது. தூசியைத் திறந்த ஜன்னலில் விடாமல், சுழல் கூம்பில் பிரித்துத் துணிப்பையில் வடிக்க வேண்டும். புகைபோக்கி கூரைக்கு மேலே எழும்ப வேண்டும். மிளகாய் அரைப்பதை இங்கே வைக்காமல் வேறிடத்தில் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் ஓட்டக் கூடாது.

இளைஞர் வரைபடத்தை விரித்தார். எந்திர மேடை எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டியே குறிக்கப்பட்டிருந்தது. அது எங்கள் படுக்கையறை என்று அவருக்குத் தெரியாது; வரைந்த பொறியாளருக்கும் தெரியாது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலை எடுத்து மேடையை எதிர்ப்பக்கம், அவர்களுடைய மாடிப்படிக்குக் கீழே நகர்த்தி வரைந்தார். அங்கே வைத்தால் தூசிக் கூம்புக்கு உயரம் போதுமா என்று நண்பரைக் கேட்டார். போதாது, படியைத் திருப்ப வேண்டியிருக்கும் என்றார் நண்பர். படியைத் திருப்பினால் செலவு எவ்வளவு கூடும் என்று கணக்கிடத் தொடங்கினார்கள்.

மிளகாயைப் பற்றி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மசாலாவில்தான் வருமானமே என்கிறார். மாவுக்குக் கிடைக்கும் அரைகூலி கடன் தவணைக்குப் பற்றாது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனி பிறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது.