கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல வீட்டுல இந்த 4 விஷயங்களைப் பாருங்க!

கொல்லிமலை செம்மேட்டுக்காரர் ஒருவர் நாமக்கல்லிலோ சேலத்திலோ கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து, அது கம்ப்யூட்டரில் பொருந்தவில்லை என்றால்? மாற்றிவர மறுபடியும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏற வேண்டும்! பல ஆயிரம் ரூபாய் விஷயம். கிளம்பும் முன்பே இவற்றைக் கவனியுங்கள்.

மானிட்டர்: 4கே திரையில் ஃபுல் ஹெச்டியைவிட 4 மடங்கு புள்ளிகள். வீட்டில் இருப்பது ஃபுல் ஹெச்டி என்றால், 4கே-வுக்கான விலை உயர்ந்த கார்டு வீண் செலவு.

கேம்: ஆசைப்படும் கேமுக்கு என்ன கார்டு தேவை என்று பாருங்கள். 2024-ல் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', ரே டிரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கிறது. மலிவாகக் கிடைக்கும் பழைய கார்டுகள் பலவற்றில் அந்த வசதி இல்லை.

மெமரி: ஜிபி அதிகம் என்றாலே வேகம் அதிகம் என்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி மாடல் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060-ல் 8 ஜிபிதான். ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 4060 முந்துகிறது. அதேசமயம், புதிய கேம்களை உச்சபட்ச தரத்தில் ஓட்டினால் 8 ஜிபி போதாமல் போகலாம்.

எஸ்எம்பிஎஸ்: பலரும் மறப்பது இதைத்தான். 3060 இழுப்பது 170 வாட், 4060 இழுப்பது 115 வாட். இரண்டுக்குமே 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைக்கிறது என்விடியா. உங்களுடையது எத்தனை வாட் என்று அதன் ஸ்டிக்கரிலேயே இருக்கும். கார்டுக்கான பவர் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, கரன்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டுக்குள் கார்டுக்கான இடத்தை ஸ்கேலால் அளந்து, ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாரன்ட்டிக்கு பில் முக்கியம், பத்திரம்!