நூலகத்தில் ஓர் ஒற்றன்!

உவரிக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். செந்நிறமாய் மின்னுவது கார்னெட். கருமையாய்த் தெரிவது இல்மனைட். பெரும்பணம் புரளும் மணல் அது. தாது மணல் எடுப்பதற்கு 2013-இல் தமிழக அரசு தடை விதித்ததை வாசகர்கள் அறிவர்.

இம்மணலைப் பற்றி ஆராய விழையும் மாணவர், முன்னாளில் திருநெல்வேலிக்குச் சென்று நூலகத்தில் ஆய்விதழ்களைப் புரட்டியிருப்பார். எந்தப் பக்கத்தில் அவர் விழி நிலைத்தது என்பதை அல்லாஹ்வைத் தவிர வேறெவரும் அறியார். இன்றோ கணினியில் கட்டுரையைத் திறக்கிறார். எங்கிருந்து வந்தார், எதைத் தேடினார், எதைப் பதிவிறக்கினார், அடுத்து எதற்குத் தாவினார் என்பவையெல்லாம் பதிப்பகத்தின் கணினியில் பதிவாகக்கூடும். எந்த மணலின்மீது எந்த ஆய்வாளருக்கு நாட்டம் என்னும் செய்தி, ஆய்வு முடிவு வெளிவருமுன்னரே கிடைத்தால் வணிகருக்கு அது பொன்னன்றோ!

ஆய்விதழ் வெளியிடும் எல்சவியர் நிறுவனம், ஆய்வாளர்கள் கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் மெண்டலியை 2013-இல் வாங்கியது. எந்தத் துறை வளர்கிறது, எந்தப் பல்கலைக்கழகம் முந்துகிறது என்று கணித்துச் சொல்லும் சேவையையும் அதுவே விற்கிறது. அக்கணிப்பைப் பார்த்தே நிதி ஒதுக்கப்படுமானால், உவரி மணல் போன்ற உள்ளூர்ப் பொருள்களை யார் ஆராய்வார்? அதன் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த லெக்சிஸ்நெக்சிஸ், தனிமனிதர் தகவல்களை அமெரிக்கக் குடிநுழைவு அமலாக்கத் துறைக்கு வழங்க 2021-இல் ஒப்பந்தம் செய்தது. ஆய்வாளரின் வாசிப்பு விவரம் அங்கே சென்றதென்று நாம் கூறவில்லை. இரு வணிகமும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன என்பதே கவலை. இத்தகைய பின்தொடர்தல் ஆய்வுச் சுதந்திரத்திற்கு ஊறு என்று, ஜெர்மனியில் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் டி.எஃப்.ஜி. அமைப்பின் குழு அதே ஆண்டில் எச்சரித்தது.

நம் சமுதாயத்திற்கு இது புதிதன்று. தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனாளரின் இருப்பிடத் தகவல் ஓர் இடைத்தரகு நிறுவனத்திற்குச் சென்றதும், அதன் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் வெளியாயின. செயலியார் பின்னர் அத்தொடர்பைத் துண்டித்தனர். பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் விலக்கியிருக்கிறது. வணிகருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டா என்ன?

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது பெரும் வாய்ப்பே, மறுப்பதற்கில்லை. ஆனால் பயன்பெறுவோர் சுமார் 1.8 கோடிப் பேர். அத்தனை பேரின் வாசிப்பு விவரமும் சில பதிப்பகங்களின் கையில் குவிய வழி பிறந்திருக்கிறது. 2027-க்குப் பிந்தைய ஒப்பந்தம் எழுதப்படும்போது, அவ்விவரத்தை விற்கலாகாது, குறித்த காலத்தில் அழித்துவிட வேண்டும் என்னும் நிபந்தனையைச் சேர்க்குமாறு நம் பேராசிரியர்களும் நூலகர்களும் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.