மௌனத்தையும் கவனிக்கும் காவல்

வாசற்கதவின் மேல்மூலையில் ஒட்டப்படும் வெள்ளை நிற அலாரம் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு சிறிய கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். எதிரே ஒட்டிய காந்தம் அருகில் இருக்கும்வரை தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் காந்தம் விலகும், தகடுகள் பிரியும். உடனே சென்சார் ரேடியோ அலையில் செய்தி அனுப்ப, கூடத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி சைரனை அலறவிடும். சுவரைக் குடைந்து ஒயர் இழுக்கும் வேலையே இல்லை.

ஆனால் ஒயரை அறுக்கத் திருடன் ஒயர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். ரேடியோ அலையோடு விளையாட அவன் தெருவில் நின்றாலே போதும்.

முதல் வழி, ஒட்டுக்கேட்பது. மலிவான கருவிகள் பலவற்றில் ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் அனுப்புகிறது. அதைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால், வீட்டுக்காரர்தான் அலாரத்தை அணைக்கிறார் என்று பெட்டி நம்பிவிடும். அமெரிக்காவில் பரவலாக விற்ற சிம்பிளிசேஃப் அலாரத்தில் இதே குறை இருப்பதை 2016இல் ஐஓஆக்டிவ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆண்ட்ரூ சோனன்பெர்க் காட்டினார். விசைப்பலகையிலிருந்து போன செய்தி மறையாக்கம் செய்யப்படவில்லை. அந்தக் கருவிகளில் இருந்த சிப்புகள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியவை என்பதால், விற்றுப்போனவற்றை மென்பொருளால் சரிசெய்யவும் வழியிருக்கவில்லை.

இதற்கு மாற்று உண்டு. நல்ல கருவிகள் செய்தியை மறையாக்கம் செய்வதோடு, ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றுகின்றன. நேற்று பதிவுசெய்த குறியீடு இன்று செல்லாது.

இரண்டாவது வழி, ஜாமர். அதே அலைவரிசையில் பெரும் இரைச்சலை எழுப்பினால் சென்சாரின் குரல் பெட்டிக்கு எட்டாது. அரசு அனுமதியின்றி ஜாமர் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். ஆனால் பூட்டை உடைக்க வருபவனை அந்தச் சட்டம் மட்டும் தடுக்காது.

மறையாக்கம் இங்கே உதவாது; மௌனத்தைக் கவனிப்பதுதான் உதவும். இரவில் விசிலடித்து வரும் கூர்க்காவை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால், ஏதோ சரியில்லை என்று தெரு அறிந்துகொள்ளும். நல்ல சென்சாரும் அப்படித்தான்: கதவு திறக்காதபோதும் "நான் இருக்கிறேன்" என்று குறித்த இடைவெளியில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் பெட்டி எச்சரிக்க வேண்டும். அலைவரிசையில் அசாதாரண இரைச்சல் எழுந்தாலும் எச்சரிக்க வேண்டும். "நான் இருக்கிறேன்" என்று சொல்லும் இடைவெளி சில கருவிகளில் சில நிமிடங்கள், சிலவற்றில் பல மணி நேரம். அடிக்கடி பேசினால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் தயாரிப்பாளர்கள் இங்கேதான் கைவைக்கிறார்கள்.

வாங்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். குறியீடு மாறுகிறதா? ஜாமரைக் கண்டுபிடிக்குமா? மூடியைப் பிரித்தால் அலாரம் அடிக்குமா? மின்சாரமும் இணையமும் போனால் பேட்டரியிலும் சிம் கார்டிலும் இயங்குமா?

ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்றே சோதியுங்கள். அலாரத்தை இயக்கிவிட்டு ஒரு சென்சாரின் மூடியைத் திறந்து பேட்டரியை எடுங்கள். மூடி திறந்ததுமே பெட்டி எச்சரிக்க வேண்டும். சென்சாரின் குரல் நின்றுவிட்டது என்ற எச்சரிக்கையும் அந்தக் கருவியின் குறித்த இடைவெளி கடந்ததும் வரவேண்டும். மறுநாள் காலைவரை பெட்டி வாயே திறக்கவில்லை என்றால், அந்த அலாரத்தை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.