ஃபேமிலி டிரிப்புக்கு நீங்கதான் அட்மினா? தாமிரபரணிக் கரையில ஒரு பக்கா பிளான்!

வாட்ஸ்அப்ல ‘நெல்லை டிரிப்’னு ஒரு குரூப் ஆரம்பிச்சிருப்பாங்க. தாத்தா, ஆச்சி, பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம், ரெண்டு குட்டீஸ்னு மொத்தம் 14 பேர். ஆச்சிக்கு நவகைலாயம் போகணும். மாமாவுக்குக் குற்றாலக் குளியல். சித்திக்கு அல்வா. வீட்டிலேயே போன் நல்லா பார்க்கத் தெரிஞ்ச ஆள்ங்கிற ஒரே காரணத்துக்காக, மொத்தப் பொறுப்பும் உங்க தலையில விழும்.

பெரும்பாலான குடும்ப டிரிப்புகள் சொதப்புறதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, பிளானே இல்லாம கிளம்புறது. இன்னொண்ணு, காலை 6 மணியில இருந்து இரவு 10 மணி வரைக்கும் மூச்சுவிட இடமில்லாம பிளான் போடுறது. இந்த ரெண்டுக்கும் நடுவுல எப்படிப் போறது?

முதல்ல ‘ஆணி’ அடிங்க

நம்ம இஷ்டத்துக்கு நகர்த்த முடியாத விஷயங்களை மட்டும் முதல்ல எழுதுங்க. ரயில் நேரம் ஓர் ஆணி. கோயில் நடை அடுத்தது. இந்தப் பக்கம் பல கோயில்களில் மதியம் 12 மணியை ஒட்டி நடை சாத்தினால், திரும்பத் திறக்க மாலை ஆகிவிடும். இருட்டுக்கடை அல்வா மூணாவது ஆணி. மாலையில்தான் கடை திறக்கும், சீக்கிரமே தீர்ந்தும்போகும். நாலாவது, வனத்துறை செக்போஸ்ட். பாபநாசத்துக்கு மேல அகஸ்தியர் அருவி, காரையாறு எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. உள்ளே போக, வர அவங்க சொல்ற நேரம்தான்.

ஒரு நாளைக்கு ரெண்டு ஆணி போதும். மிச்ச நேரத்தைக் காலியா விடுங்க. குழந்தை தூங்கினாலோ, தாத்தாவுக்கு முட்டி வலிச்சாலோ, அந்தக் காலி இடம்தான் டிரிப்பைக் காப்பாத்தும்.

டிக்கெட்டைப் பிரிச்சுப் போடுங்க

ரயில் முன்பதிவு இப்போ 60 நாள்களுக்கு முன்னாடிதான் திறக்குது. 2024 நவம்பர் 1-க்கு முன்புவரை 120 நாள்களாக இருந்தது. வீட்டுப் பெரியவங்க இன்னும் அந்தப் பழைய கணக்குலயே இருப்பாங்க, சொல்லிடுங்க.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் இடம். அப்போ 14 பேருக்கு மூணு டிக்கெட். தாத்தா, ஆச்சி ரெண்டு பேரையும் தனி டிக்கெட்டில் போடுங்க. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த்துக்கென ஒரு கோட்டா உண்டு. ஆனா, தனியாகவோ, ரெண்டு பேராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் அது செல்லும். ஆறு பேரோட சேர்த்துப் போட்டா அந்த வாய்ப்பு போயிடும்.

கடைசி நேரத்துல அண்ணனுக்கு லீவு கிடைக்கலையா? கன்ஃபார்ம் ஆன டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, மகன், மகள், கணவன், மனைவி பெயருக்கு ஒரு முறை மாத்திக்கலாம். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு கவுன்ட்டரில், உறவுக்கான சான்றோடு விண்ணப்பிக்கணும். மச்சான், மதினிக்கெல்லாம் இது கிடையாது. தட்கல் எடுக்கும்போதும் ஜாக்கிரதை. கன்ஃபார்ம் ஆன தட்கலை நாமளா கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வராது.

ஒன்பதையும் ஒரே நாள்லயா?

நவகைலாயம் ஆற்றோட போக்கிலேயே போகிற பயணம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர் நாலும் நெல்லை மாவட்டம். முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஐந்தும் தூத்துக்குடி மாவட்டம். மலையடிவாரத்தில் ஆரம்பிச்சு கிட்டத்தட்ட கடல் பக்கம் போய் முடியும். பெரியவங்களோட போகும்போது முதல் நாள் மேற்கே நாலு, அடுத்த நாள் கிழக்கே ஐந்துன்னு பிரிச்சா யாருக்கும் மூச்சு வாங்காது. நவதிருப்பதியில் அந்தச் சிக்கல் குறைவு. ஒன்பது கோயில்களும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரத்துக்குள்ளேயே அடங்கிடும்.

மதியம் நடை சாத்துற நேரத்துல என்ன பண்றது? ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துலயே ஆதிச்சநல்லூர். தொல்லியல் துறை 2023 ஆகஸ்ட்டில் திறந்த அருங்காட்சியகத்தில், தோண்டிய குழியிலேயே முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடித் தளத்துக்குக் கீழே பார்க்கலாம். குட்டீஸ் கண்டிப்பா கேள்வி கேட்டுத் துளைப்பாங்க. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க.

வண்டி ஓட்ட ஆள் இல்லையா? புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும், மார்கழியில் நவகைலாயத்துக்கும் நெல்லையில இருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பேருந்துகள் விடுது. வேன் பேசுறதா இருந்தா, கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் நாலையும் முதல்லயே பேசி, குரூப்பில் எழுதிப் போட்டுடுங்க. டிரைவர் அண்ணன் சாப்பிட, தூங்க நேரம் இருக்கான்னும் பார்க்கணும்.

தண்ணி விஷயத்துல ஓட்டெடுப்பு வேண்டாம்

எங்கே சாப்பிடலாம்னு குரூப்பில் போல் போடலாம். அருவியில் இறங்கலாமான்னு போல் போடக் கூடாது.

2024 மே 17-ம் தேதி, பழைய குற்றாலத்தில் திடீர்னு பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறிச்சது. நாம நிக்கிற இடத்துல வெயில் அடிக்கலாம். மேலே மலையில மழை பெய்தா, தண்ணி வர சில நிமிஷம் போதும். அதனால, ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ங்கிற பேச்சுக்கே இடம் கொடுக்காதீங்க. வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு, ரெட் அலர்ட் கொடுத்தா அருவியும் அணையும் பிளான்லயே கிடையாது, குளிக்கத் தடைன்னா திரும்பிடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் ஒப்புதல் வாங்கிடுங்க. தாமிரபரணிப் படித்துறைகளுக்கும் இதே விதிதான். அணையில் தண்ணி திறந்தா ஆத்தோட குணமே மாறிடும்.

அருவிக்குப் பதிலா எங்கே போறதுன்னும் முன்பே முடிவு பண்ணணும். மாற்று இடம் கையில இருந்தா, மாமாவும் பெருசா கோவப்பட மாட்டார். நெல்லையப்பர் கோயில், கிருஷ்ணாபுரம் சிற்பங்கள்னு டவுனைச் சுத்தியே பாதி நாள் ஓடிடும்.

800 பேர் கத்துக்கொடுத்த பாடம்

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்னது. முன்னால தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரிச்சுட்டுப் போயிருந்தது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. சுமார் 800 பயணிகள் ரயில் நிலையத்திலும் பக்கத்துப் பள்ளியிலும் மாட்டிக்கிட்டாங்க. ஊர்க்காரங்க சமைச்சுக் கொடுத்தாங்க, ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19-ம் தேதிதான் மீட்க முடிஞ்சது.

ஓர் இரவுப் பயணத்துக்கு யாரும் மூணு நாள் சாப்பாடு கட்டிட்டுப் போக முடியாது. ஆனா பெரியவங்களோட பி.பி., சுகர் மாத்திரை மூணு நாளைக்குக் கூடுதலா இருக்கலாம். சூட்கேஸ்ல இல்ல, கைப்பையில. ஒரு பவர் பேங்க், கொஞ்சம் பிஸ்கட், தண்ணி, 2,000 ரூபாய் சில்லறையா. கரன்ட்டும் நெட்டும் இல்லாதப்போ யு.பி.ஐ. கைகொடுக்காது. முக்கியமான நாலு நம்பரைப் பேப்பர்ல எழுதி ஆளுக்கொண்ணு கொடுங்க. காட்டுக்குள்ள சிக்னலை நம்ப முடியாதுங்கிறதால, மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க.

அட்மினும் டிரிப்தான் வந்திருக்காங்க!

எல்லாத்தையும் நீங்களே சுமக்காதீங்க. கணக்கு ஒருத்தர், மருந்துப் பை ஒருத்தர், ரூம் சாவியும் லக்கேஜும் ஒருத்தர், கோயில் விவரம் ஆச்சி. வேலை கொடுத்தா குறை சொல்றது தானா குறையும். கிளம்பும் முன்பே ஆளுக்கு இவ்வளவுன்னு பொதுப் பணம் வசூல் பண்ணிடுங்க, திரும்பி வந்து கேட்கிறதுதான் சங்கடம்.

குரூப்பில் ஒரே ஒரு மெசேஜை ‘பின்’ பண்ணி வையுங்க. ரயில் நேரம், தங்குற இடம், வேன் நம்பர், நாளைய ரெண்டு ஆணி, மாற்று இடம். அவ்வளவு போதும். மிச்சத்தை அன்னிக்குக் காலையில டீ குடிச்சுக்கிட்டே பேசி முடிவு பண்ணிக்கலாம்.