சூரியனுக்கு மூத்த ஜலம்

ஆகாயத்தில் ஜலம் இருப்பதில் என்ன அதிசயம், மழை மேகம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாம் சொல்ல வந்தது அந்த மேகத்தைப் பற்றி அன்று. நக்ஷத்திரங்களுக்கு இடையே மிதக்கும் கரிய மேகங்களைப் பற்றி.

வெட்டவெளியில் எந்த மூலக்கூறும் நெடுநாள் நிலைத்திராது, நக்ஷத்திரங்களின் ஊதாக் கடந்த கிரணங்கள் அதை உடைத்துவிடும் என்பதே வெகு காலம் அறிஞர் பலரின் அபிப்பிராயமாக இருந்தது. 1969-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டௌன்ஸும் அவர் சகாக்களும், ஓரியன் மண்டலம் முதலிய இடங்களிலிருந்து நீராவி அனுப்பும் 1.35 சென்டிமீட்டர் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்ததாக வெளியிட்டார்கள். அந்த எண்ணம் அதனால் மேலும் ஆட்டங்கண்டது.

ஆனால் அவை உஷ்ணமான இடங்கள். குளிர்ந்த மேகங்களின் சமாசாரம் வேறு. அங்கே குளிர் சுழிக்குக் கீழே சுமார் 263 டிகிரி சென்டிகிரேட். மேகத்தின் தூசியே கிரணங்களைத் தடுக்கும் திரையாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே ஒரு தூசியின் பருமன். அதன்மேல் பிராணவாயு அணு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. ஜலவாயு அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஜலம் பிறந்தவுடனே பனிக்கட்டியாகித் தூசியைப் போர்த்துக்கொள்கிறது.

எல்லாம் உறைந்து கிடக்கும் இடத்தில் ஆவி ஏது? இருந்தும், ரிஷப மண்டலத்தில் எல் 1544 என்னும் மேகத்தில் நீராவி இருப்பதை ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கி கண்டதென 2012-ல் அறிவித்தார்கள். பூமியின் சமுத்திரங்களைப் போல் 2000 மடங்குக்கு மேற்பட்ட ஆவி! விண்ணில் திரியும் காஸ்மிக் கதிர்கள் மேகத்திலுள்ள ஜலவாயுவைத் தாக்க, அதனால் எழும் மங்கிய ஒளி பனியிலிருந்து சில மூலக்கூறுகளைப் பெயர்த்துவிடுகிறது என்கிறார்கள்.

அம்மேகம் இனி ஒரு நக்ஷத்திரமாகத் திரளக்கூடியது. நம் சூரியனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தகைய மேகத்தில் பிறந்தவனே. அந்தப் பழைய பனி பூமிக்கு வந்து சேர்ந்ததா? இதற்குச் சாட்சி கன ஜலவாயு. கடுங்குளிரில் பிறந்த ஜலத்தில் அது மிகுந்திருக்கும். நம் கடல்நீரில் சுமார் 6400 ஜலவாயு அணுக்களுக்கு ஒன்று கன அணு. சூரியன் பிறந்த வாயுவில் இருந்ததைவிட இது பல மடங்கு அதிகம். கடல்நீரில் ஒரு பகுதி, ஒருவேளை பாதி வரையிலும், சூரியனுக்கு முற்பட்டது என்று 2014-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது.

எங்கள் ஆறு, உங்கள் கிணறு என்று மனிதர்கள் வழக்காடுகிறார்கள். அந்த ஜலத்திலோ சூரியனும் பூமியும் தோன்றுமுன் பிறந்த துளிகள் கலந்திருக்கின்றன. அதை வீணாக்காமலும், தாகித்தவனுக்கு மறுக்காமலும் இருப்பதே நாம் அதற்குச் செய்யும் மரியாதை.