சுரங்கத்துத் தண்ணீர் எங்கே போகுது? செஞ்சி குவாரி முதல் நெய்வேலி பரவனாறு வரை

மழை விட்ட மறுநாளே கல் குவாரிகளில் மோட்டார் ஓட ஆரம்பிச்சிடும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இறைச்சாதான் அடுத்த வேலை நடக்கும். சரி, அந்த மோட்டாரோட ஹோஸ் பைப் எங்கே முடியுது? ஓடையிலா, ஏரியிலா, பக்கத்து நிலத்திலா? சுரங்க நீர் மேலாண்மை என்று சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்விதான்.

செஞ்சியைச் சுற்றி இருப்பது கருங்கல் பூமி. பாறைக்குள் தண்ணீர் ஊறாது, விரிசல் வழியாகத்தான் கசியும். (இதே பூமியில்தான் கோட்டை கட்டியவர்கள் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று வெட்டி மழைநீரைத் தேக்கி வைத்தார்கள்.) அதனால் இங்குள்ள குவாரிப் பள்ளங்களில் நிற்பது பெரும்பாலும் மழைத்தண்ணீர். பள்ளத்தைச் சுற்றி மாலை மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டினால் வெளித்தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளே விழுந்ததை நேராக ஓடையில் விடாமல் முதலில் ஒரு தொட்டியில் நிறுத்தி, கல்மாவு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை விடணும். அப்படிச் செய்யாவிட்டால் அந்த மாவு ஏரிக்குள் போய் படிந்து கொள்ளளவைக் குறைக்கும்.

மேலிருந்து விழும் மழையோடு, கீழிருந்தும் தண்ணீர் முட்டினால் என்ன ஆகும்? அதுக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில் உள்ள நெய்வேலிக்குப் போகணும்.

நெய்வேலியில் ஏன் இவ்வளவு தண்ணீர்?

நெய்வேலி நிலக்கரியின் கதையே தண்ணீரில்தான் தொடங்குது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கருப்புத் துகள்களும் வெளியே வந்தன. 1956-ல் நிறுவனம் உருவானது, 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது.

அந்த நிலக்கரிப் படுகைக்கு அடியில் மணற்பாறை அடுக்கு இருக்கு. அதில் அடைபட்டிருக்கும் நிலத்தடி நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுது. 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றக்கூடிய விசை இது. மேலே உள்ள மண்ணையும் நிலக்கரியையும் அள்ள அள்ள, அழுத்திப் பிடிச்சிருந்த எடை குறையும். அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பொங்கிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு இரவு பகலா இறைக்கிறாங்க. சுரங்கம் ஓடும் வரை இதை நிறுத்த முடியாது.

இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போகும். மீதி பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் பாசனத்துக்குப் போகுது. அந்தப் பகுதி விவசாயிகளுக்கு இது வரம் மாதிரித் தெரியலாம். ஆனா சுற்றுவட்டாரத்தில் கிணற்று நீர் கீழே போனதற்குக் காரணமும் இதே இறைப்புதான் என்பது பல ஆண்டுக் குற்றச்சாட்டு. கனமழையில் நிலைமை இன்னும் சிக்கல். 2015 நவம்பர் 9-ம் தேதி நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் சுரங்கத்து நீரும் ஊர் வெள்ளமும் ஒரே ஆற்றைத்தான் நம்பியிருக்கும்.

வளையமாதேவியில் நடந்தது என்ன?

சுரங்கம் விரிவடைய, ஆறே இடம் மாற வேண்டிய நிலை வந்தது. பரவனாற்றைத் திருப்ப 12 கி.மீ. வாய்க்கால் திட்டம். அதில் 10.5 கி.மீ. முடிஞ்சிருச்சு, மீதி 1.5 கி.மீ.தான் என்றது என்.எல்.சி. 2023 ஜூலை 26-ம் தேதி, வளையமாதேவியில் கதிர் விட்ட நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால் முடியாவிட்டால் சுரங்கத்துக்கும் கிராமங்களுக்கும் வெள்ள ஆபத்து, நிலம் ஏற்கனவே கையகப்படுத்தியது என்பது நிறுவனத்தின் வாதம். அது உண்மையாகவே இருக்கட்டும். அறுவடைக்குச் சில வாரங்கள் காத்திருக்க முடியாதா என்று கேட்ட விவசாயிக்கு அதில் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பா.ம.க. போராட்டம் வன்முறையில் முடிந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

உங்க ஊர் குவாரியில் எப்படிப் பார்ப்பது?

ஒவ்வொரு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் உண்டு. மழைநீர் வாய்க்கால், படிவுத் தொட்டி, வேலி பற்றிய நிபந்தனைகளை அதில் பார்க்கலாம். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம், கிடைக்கலைனா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கழிவு நீரை ஓடையில் விடுகிறார்கள் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், மற்ற நிபந்தனை மீறல்களுக்கு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் கனிமவளப் பிரிவிடமும் மனு கொடுக்கலாம். மனுவோட தேதி தெரியும்படி எடுத்த ஒரு போட்டோவையும் சேர்த்துடுங்க, அதில் ஹோஸ் பைப்போட வாய் தெளிவா தெரியணும்.