கீழே விழுந்த இலை படமாகிறது!

தூரிகை இல்லை. பென்சில் இல்லை. ஆனாலும் படம் உண்டு!

ஒரு கெட்டி அட்டை. கொஞ்சம் பசை. மரத்திலிருந்து உதிர்ந்த இலைகள் நாலைந்து. கோணித் துண்டு, நூல், ஒரு பிடி மணல். இவைதான் மூலதனம். இவற்றை அட்டையில் ஒட்டி, மை பூசி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் சுவரில் மாட்டும் சித்திரம் கிடைத்துவிடும்.

இந்தக் கலைக்குக் "காலகிராப்" என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது காலம், பருவம் என்று கேட்கும். பொருள் அதுவல்ல. கிரேக்க மொழியில் "கொல்லா" என்றால் பசை. பசையால் ஆன படம் என்பதே பொருள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! மேல்நாடுகளில் இந்தப் படம் செய்கிறவர்கள் பலர் பருவ காலங்களைத்தான் தேடிப் போகிறார்கள். இலை உதிர்வதும், பனி பெய்வதும், மொட்டு விடுவதும்தான் அவர்களுக்குச் சரக்கு.

இந்தப் பெயரை 1956-ல் சூட்டியவர் கிளென் ஆல்ப்ஸ் என்ற அமெரிக்கர். சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் அச்சுச் சித்திரம் கற்றுக்கொடுத்த பேராசிரியர். 1914-ல் பிறந்து 1996-ல் காலமானார்.

அதற்கு முன்பு இருந்த அச்சுச் சித்திர முறைகளில் ஒன்று செம்புத் தகடு. தகட்டில் மெழுகு பூசுவார்கள். ஊசியால் கீறுவார்கள். பிறகு திராவகத்தில் போடுவார்கள். கீறிய இடத்தைத் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும். செம்பு விலை அதிகம். திராவகம் கையைச் சுடும். புகை நெஞ்சை அடைக்கும். ஆல்ப்சின் அட்டை முறையில் இந்தத் தொல்லைகள் இல்லை.

ஓட்டை விழுந்த தகடு

பெயர் வைத்தது 1956-ல். ஆனால் பொருளை ஒட்டிப் படம் எடுக்கும் யோசனை அதற்கு முன்பே வேறு ஒருவருக்குத் தோன்றிவிட்டது. அவர் ரோல்ப் நெஷ். 1893-ல் ஜெர்மனியில் பிறந்தவர்.

நெஷ் ஒருநாள் தகட்டைத் திராவகத்தில் அதிக நேரம் விட்டுவிட்டார். திராவகம் தகட்டையே துளைத்துவிட்டது! வேறு ஒருவராக இருந்தால் தகட்டைத் தூக்கி எறிந்திருப்பார். நெஷ் அதையும் அச்சடித்துப் பார்த்தார். துளை இருந்த இடத்தில் மை இல்லை. ஈரக் காகிதம் அந்தத் துளைக்குள் புகுந்து, வெள்ளை வெளேர் என்று புடைத்துக்கொண்டு நின்றது. எந்த வர்ணத்திலும் கிடைக்காத வெள்ளை அது.

அதிலிருந்து நெஷ் தகட்டில் வேண்டுமென்றே துளை போட ஆரம்பித்தார். கம்பியையும் கம்பி வலையையும் தகட்டின் மேல் பற்ற வைத்தார். தகட்டைக் கீறுவதோடு நின்ற கலை, தகட்டின் மேல் கட்டுவதாக மாறியது.

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். புதுமுறைச் சித்திரக்காரர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. நெஷ் அந்த ஆண்டே நார்வேக்குப் போய்விட்டார். வயது 40. புது ஊர், புது மொழி. நார்வேயின் குளிர்காலம் மிகக் கொடியது. தலைநகர் ஆஸ்லோவில் டிசம்பர் மாதத்தில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். மற்றதெல்லாம் இருட்டும் பனியும்.

அந்தப் பனியே அவருக்குக் கைகொடுத்தது. நார்வே வந்த புதிதில் "பனி" என்ற தலைப்பில் வரிசையாகப் படங்கள் செய்தார். காகிதத்தில் பனியை வெறும் வெள்ளையாக யாரும் விட்டுவிடலாம். காகிதமே மேடாக எழும்பி நிற்கும்படி செய்தால், விரலால் தடவிப் பார்க்கவும் பனி கிடைக்கும் அல்லவா? 1946-ல் நெஷ் நார்வே நாட்டுக் குடிமகன் ஆனார். 1975-ல் காலமானார். அவர் வாழ்ந்த "ஓல்" என்ற மலை ஊரில் அவர் பெயரால் ஒரு கண்காட்சி சாலை இருக்கிறது.

ஆலையில் கரும்பு மாதிரி

அட்டைப் படம் செய்வது எப்படி?

முதலில் இலையைப் புத்தகத்துக்குள் வைத்துச் சில நாட்கள் உலர்த்துவார்கள். ஈர இலையை ஒட்டினால் அழுகிவிடும். உலர்ந்த இலை, நூல், துணி எல்லாவற்றையும் அட்டையில் பசையால் ஒட்டுவார்கள். ஒட்டிய பொருள் அதிக உயரம் இருக்கக் கூடாது. இருந்தால் காகிதம் கிழியும்.

பசை காய்ந்ததும் அட்டை முழுவதும் அரக்கு வார்னிஷ் பூசுவார்கள். தச்சர்கள் நாற்காலி, மேஜைக்குப் பூசுகிறார்களே, அதே அரக்குதான்! ஸ்பிரிட்டில் கரைத்தது. இது பூசாவிட்டால் அட்டை மையைக் குடித்து ஊறிப்போகும்.

அடுத்தது மை. கெட்டியான எண்ணெய் மையைப் பிரஷ்ஷினால் மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பார்கள். பிறகு அதைத் துடைப்பார்கள். பூசியதை ஏன் துடைக்க வேண்டும்? அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கஞ்சி போட்ட வலைத் துணியால் துடைக்கும்போது மேட்டில் இருக்கும் மை போய்விடும். பள்ளத்தில் இருக்கும் மை தங்கிவிடும். இலை நரம்பின் ஓரம், நூலின் ஓரம், கோணியின் இழை இவற்றில் எல்லாம் மை ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் அதிகம் துடைத்தால் படம் வெளுக்கும். குறைத்தால் கறுக்கும். கை பழகுவதற்கு வருஷக் கணக்கில் ஆகும்.

கடைசியில் ஊற வைத்த காகிதத்தை அட்டையின் மேல் போட்டு, அதன்மேல் கம்பளி போர்த்தி, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். கரும்பு ஆலையில் கரும்பு போகிற மாதிரி அட்டை அந்தப் பக்கம் போய் வெளியே வரும். காகிதத்தைத் தூக்கினால் படம்! வலது இடதாகவும், இடது வலதாகவும் மாறியிருக்கும்.

"இது என்ன படம்?"

பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மரம் எங்கே, ஆறு எங்கே என்று தேடுவார்கள். இருக்காது. இதற்கு அரூபச் சித்திரம் என்று பெயர்.

இலையை அப்படியே ஒட்டினால் அது இலையின் படம். இலையுதிர் காலத்தின் படம் ஆகாது. இலையுதிர் காலம் என்றால் காற்று, ஈரம், மக்கல் எல்லாம்தானே? அதனால் இலையைக் கிழிப்பார்கள். பாதியை மட்டும் ஒட்டுவார்கள். சருகை நொறுக்கித் தூவுவார்கள். உறைந்த குளத்துக்கு மெல்லிய காகிதத்தைக் கசக்கி ஒட்டுவார்கள். மொட்டை மரத்துக்கு அட்டையின் மேல் தோலைக் கத்தியால் உரிப்பார்கள். உரித்த இடம் மையைக் கவ்விக் கறுப்பாகும். நீண்ட இரவுக்குக் கார்போரண்டம் தூள் உண்டு. கத்தி தீட்டும் சாணைக்கல்லில் இருக்கும் சரக்கு அது! இதை அச்சுச் சித்திரத்துக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி கோட்ஸ் என்ற சித்திரக்காரர். 1960-களில் இது நடந்தது.

சும்மா கிறுக்கி வைத்த படங்களும் இதில் நிறைய உண்டு. ஆனால் நல்ல படத்தின் முன் நின்றால் குளிர் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும்!

அட்டை தேய்கிறது

செம்புத் தகடு நீண்ட காலம் உழைக்கும். அட்டை அப்படி அல்ல. ஒவ்வொரு தடவையும் உருளை அதை நசுக்குகிறது. முதல் பிரதியில் இலையின் சின்ன நரம்பு கூடத் தெரியும். பத்தாவது பிரதியில் சற்று மங்கும். இருபது முப்பது போனால் பல அட்டைகள் தளர்ந்துவிடும். மரத்திலிருந்து ஒரு தடவை விழுந்த இலை, இங்கே இரண்டாவது தடவை அழிகிறது.

அதனால் ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் எண் எழுதுவார்கள். 3/20 என்று இருந்தால், எடுத்தது மொத்தம் 20, இது மூன்றாவது என்று அர்த்தம். பக்கத்தில் கையெழுத்து இருக்கும். எண் முடிந்ததும் அந்த அட்டையில் மறுபடி அச்சடிக்க மாட்டார்கள். வாங்குகிறவருக்குக் கொடுத்த வாக்கு அது. இன்னும் ஒன்று எடுத்தால் காசு வருமே என்ற ஆசையை அடக்க வேண்டும்!

வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். உருளை இயந்திரம் வேண்டியதில்லை. அட்டையில் உலர்ந்த இலையையும் நூலையும் ஒட்டுங்கள். வார்னிஷ் பூசிக் காய வையுங்கள். மையைத் துடைக்க வேண்டாம். மேட்டில் மட்டும் படும்படி லேசாக ஒற்றுங்கள். மெல்லிய காகிதத்தை மேலே போட்டு, ஒரு ஸ்பூனின் முதுகால் நிதானமாகத் தேயுங்கள். அவசரப்பட்டால் காகிதம் நகர்ந்து படம் இரண்டாகத் தெரியும்.

இலையை ஒட்டும்போது அதன் அடிப்பக்கம் மேலே இருக்கட்டும். நரம்பு அந்தப் பக்கம்தான் புடைத்திருக்கும்.